வீட்டுக் கணினியின் தலைமைச் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?



நம் இல்லங்களில் கணினி இன்று புதுமைப் பொருளன்று. பிள்ளைகளின் படிப்பிற்கும், தந்தையின் வருமான வரிக் கணக்கிற்கும், தாயின் வங்கி அலுவலுக்கும், அயல்நாட்டில் பணிபுரியும் மகனோடு முகம் பார்த்துப் பேசுவதற்கும் அது உதவுகிறது. கூடத்தின் மூலையில் மேசைமீது அமர்ந்திருக்கும் அப்பெட்டியைக் குடும்பத்தார் அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். விசையை அழுத்தியதும் திரை ஒளிர்கிறது. யாரென்று கேளாமலே நம்மை உள்ளே விட்டுவிடுகிறது. அன்றி, வீட்டார் அனைவரும் அறிந்த ஒரே பாஸ்வேர்டைக் கேட்டுவிட்டு வழிவிடுகிறது. “நாம் எல்லாரும் ஒரே குடும்பந்தானே, இதில் என்ன குறை?” என்று சிலர் வினவலாம்.

வினா நியாயமானதே. ஆனால் ஒரே குடும்பம் என்பதற்காக இரும்புப் பீரோவின் சாவியைப் பத்து வயதுச் சிறுவனின் சட்டைப் பையில் போட்டுத் தெருவில் விளையாட அனுப்புகிறோமா? அவன்மீது ஐயங்கொண்டு அன்று, சாவி தவறிப்போனால் நேரக்கூடிய இழப்பை எண்ணியே அதைத் தனியே வைக்கிறோம். அவ்வளவு ஏன்? குடும்பத் தலைவரே சந்தைக்குச் செல்லும்போது பீரோச் சாவியைக் கையோடு கொண்டுசெல்வதில்லை. அன்றைய செலவிற்கு வேண்டிய பணத்தை மட்டுமே எடுத்துச் செல்கிறார். கணினியிலும் அத்தகைய தலைமைச் சாவி ஒன்று உண்டு. அதை அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு என்பர். நிர்வாகி கணக்கு என நாம் அழைக்கலாம். பல இல்லங்களில் அச்சாவி பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துப் பத்திரப்படுத்துவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரு வகைக் கணக்குகள்

கணினிக்குள் நுழைவதை லாகின் என்கிறோம். ஒருவர் தம் பெயரைத் தெரிவித்து, தாம் அவரே என்பதற்குச் சான்றாகக் கடவுச்சொல்லைத் தருகிறார். (கடவு என்பதற்கு வழி என்பது பொருள், கடவுச்சீட்டு என்னும் சொல்லிலும் அதே ‘கடவு’தான் உள்ளது.) அவ்வாறு நுழைபவருக்கென ஒதுக்கப்பட்ட இடமும் உரிமைகளும் சேர்ந்ததே அவருடைய கணக்கு.

கணக்குகள் இரு வகைப்படும். நிர்வாகி கணக்கை உடையவர் புதிய மென்பொருள்களை நிறுவலாம், உள்ளவற்றை நீக்கலாம், வைரஸ் தடுப்பை நிறுத்தலாம், பிறருடைய கோப்புகளைத் திறக்கலாம், பிறருடைய கணக்குகளையே அழித்துவிடலாம். ஸ்டாண்டர்டு கணக்கு எனப்படும் சாதாரணக் கணக்கை உடையவரோ கடிதம் எழுதலாம், இணையத்தில் உலவலாம், படம் பார்க்கலாம், அச்சிடலாம், தம் கோப்புகளைத் தாமே ஆளலாம். கணினி முழுவதையும் பாதிக்கும் மாற்றம் எதையும் செய்ய வேண்டுமாயின் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பெறவேண்டும். அன்றாட அலுவல்களுக்குச் சாதாரணக் கணக்கே போதும் என்பதை இப்பட்டியலே உணர்த்தும்.

ஈண்டு ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். நாம் திறக்கும் ஒவ்வொரு மென்பொருளும் நமக்குரிய அதிகாரத்தின் கீழ்தான் வேலை செய்கிறது. மின்னஞ்சலில் வந்த ஒரு போலி ரசீதை நிர்வாகியாக இருப்பவர் திறந்து, கணினி கேட்கும் அனுமதியையும் அளித்துவிட்டால், அதனுள் மறைந்திருக்கும் தீய நிரலுக்கும் நிர்வாகியின் அதிகாரம் கிடைத்துவிடுகிறது. அதே ரசீதைச் சாதாரணக் கணக்கில் திறந்தால், அந்நிரல் வாயிற்படியைத் தாண்டுமுன் கடவுச்சொல்லுக்காகக் காத்து நிற்க வேண்டியதாகிறது.

கடவுச்சொல் பிறந்த வரலாறு

இப்பூட்டும் சாவியும் எவ்வாறு தோன்றின? 1961-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்னும் அறிஞரின் தலைமையில், ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் முறை செயல்படுத்திக் காட்டப்பட்டது. அந்நாளில் கணினி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் பெரும் பொறி. அதன் நேரம் பொன்னினும் அரிது. பலருடைய கோப்புகளும் ஒரே பொறியில் தங்கியதால், ஒருவருடையதை மற்றவர் தொடாதிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் வகுக்கப்பட்டது. கணினி உலகில் கடவுச்சொல்லின் பயன் இவ்வாறே பரவத் தொடங்கியது.

பூட்டு வந்த மறு ஆண்டே அதைத் திறக்கும் வழியும் கண்டறியப்பட்டது. ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் அவருடைய ஆய்விற்குப் போதவில்லை. 1962-இல் அவர் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பினை அச்சிடுமாறு துளையட்டை வழியாகக் கணினிக்குக் கட்டளையிட்டார். கணினியும் மறுப்பின்றி அச்சிட்டுத் தந்தது. பிறருடைய பெயரில் நுழைந்து அவர் தம் ஆய்வைத் தொடர்ந்தார். பல்லாண்டுகள் கழிந்தபின் இச்செய்தியை அவரே வெளிப்படுத்தினார்.

1966-இல் அதே கணினியில் நிகழ்ந்த மற்றொன்று நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. நிர்வாகி ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே வேளையில் வேறொரு நிர்வாகி கடவுச்சொற்களின் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். நிர்வாகியின் இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே பணிபுரிவார் என்று எண்ணி அம்மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. ஆகவே இருவருடைய தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறின. அதன்பின் கணினிக்குள் நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் அறிவிப்புக்குப் பதிலாக, எல்லாருடைய கடவுச்சொற்களும் விரிந்தன! இதில் திருடன் எவனும் இல்லை. தீய எண்ணமும் இல்லை. பேரதிகாரம் உள்ள இடத்தில் நேர்ந்த சிறு பிசகு அனைவரையும் பாதித்தது, அவ்வளவே.

இத்தகைய அனுபவங்களிலிருந்து ஒரு நெறி உருவாயிற்று. ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் 1975-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அதனைத் தெளிவுற வகுத்துரைத்தனர். ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு மென்பொருளுக்கும், அவ்வேலையை முடிக்கத் தேவையான அளவு அதிகாரமே தரப்பட வேண்டும்; அதற்கு மேல் ஆகாது என்பதே அந்நெறி. கணினிப் பாதுகாப்பைப் பயில்வோர் இன்றும் முதற்பாடமாகக் கற்பது இதனையே.

வீட்டுக் கணினிக்கு நெறி வந்த விதம்

பெருங்கணினிகளில் வேரூன்றிய இந்நெறி வீட்டுக் கணினிகளுக்கு மிகத் தாமதமாகவே வந்தது. 1995-இலும் 1998-இலும் வெளிவந்த விண்டோஸ் பதிப்புகளில் கடவுச்சொல் கேட்கும் பெட்டி தோன்றும். ஆனால் அதனை ‘கேன்சல்’ செய்துவிட்டும் உள்ளே போகலாம்! கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இருவகைக் கணக்குகளும் இருந்தன. எனினும் நிறுவும்போது உருவாக்கப்பட்ட கணக்குகள் யாவும் நிர்வாகி கணக்குகளாகவே அமைந்தன. ஆதலின் வீட்டிலிருந்த அனைவரும் தம்மையறியாமலே பேரதிகாரிகள் ஆயினர்.

2007-இல் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டாவில்தான் பெரும் மாற்றம் வந்தது. முக்கியமான மாற்றம் எதையும் செய்யுமுன் திரை மங்கி, “அனுமதிக்கிறீர்களா?” என்னும் பொருள்பட ஒரு பெட்டி எழும்பியது. அடிக்கடி எழுந்த அவ்வினாவைப் பலர் தொல்லையென வெறுத்தனர். சிலர் அதனை நிறுத்தியும் வைத்தனர். இன்றைய விண்டோஸ் 11-இலும் அப்பெட்டி உண்டு.

இங்கேதான் நாம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நிர்வாகி கணக்கில் இருப்பவரிடம் அப்பெட்டி ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்னும் விடையை மட்டுமே கேட்கிறது. நூறு முறை ‘ஆம்’ என்று அழுத்திப் பழகிய விரல், நூற்றோராம் முறையும் படியாமலே ‘ஆம்’ என்று அழுத்திவிடும். சாதாரணக் கணக்கில் இருப்பவரிடமோ அது நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. அதைத் தட்டெழுத வேண்டுமாயின், “இதை நான் கேட்டேனா? இது எதற்காக?” என்று மனம் ஒரு கணம் தயங்கும். அக்கடவுச்சொல் தெரியாத சிறுவனாயின் தாயையோ தந்தையையோ அழைப்பான். அந்த ஒரு கணத் தயக்கமே நாம் தேடும் பாதுகாப்பு.

செய்யும் முறை

விண்டோஸ் 11 உள்ள கணினியில் இதைச் செய்ய அரை மணி நேரமே போதும். முதலில் செட்டிங்ஸ் என்பதைத் திறந்து, அக்கவுண்ட்ஸ் என்னும் பகுதிக்குள் ‘யுவர் இன்ஃபோ’ என்பதைப் பாருங்கள். உங்கள் பெயரின் கீழே அட்மினிஸ்ட்ரேட்டர் என்று காணப்பட்டால், நீங்கள் நாள்தோறும் தலைமைச் சாவியோடுதான் உலவுகின்றீர்கள். அதன்பின் கீழ்க்காணும் வரிசையில் செய்க:

1. அதே அக்கவுண்ட்ஸ் பகுதியில் ‘அதர் யூசர்ஸ்’ என்பதைத் திறந்து, ‘ஆட் அக்கவுண்ட்’ என்பதன் வழியாகப் புதிய கணக்கொன்றை உருவாக்குங்கள். மின்னஞ்சல் கேட்கும் இடத்தில், அவருடைய விவரம் தம்மிடம் இல்லை என்னும் வரியையும், அடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கின்றிச் சேர்க்கும் வரியையும் தேர்ந்தால், அக்கணினியில் மட்டும் செல்லுபடியாகும் உள்ளூர்க் கணக்கு உருவாகும். அதற்கு ‘வீட்டு நிர்வாகி’ என்பதுபோல் ஒரு பெயரும் வலிய கடவுச்சொல்லும் தருக.

2. அப்புதிய கணக்கின்மீது அழுத்தி, ‘சேஞ்ச் அக்கவுண்ட் டைப்’ என்பதன் மூலம் அதனை அட்மினிஸ்ட்ரேட்டராக மாற்றுங்கள்.

3. இப்போதுள்ள கணக்கிலிருந்து வெளியேறி, புதிய நிர்வாகி கணக்கில் நுழைந்து, கடவுச்சொல் செவ்வனே ஏற்கப்படுகிறதா எனச் சோதியுங்கள். இப்படியைத் தாண்டாமல் அடுத்த படிக்குச் செல்லலாகாது. பழைய கணக்கின் அதிகாரத்தைக் குறைத்தபின், புதிய கணக்கின் கடவுச்சொல் நினைவில் இல்லையெனில், வீட்டிற்குள் சாவியை வைத்து வெளியே பூட்டிக்கொண்டவரின் நிலை ஏற்படும்.

4. நிர்வாகி கணக்கில் இருந்தவாறே, நீங்கள் இதுகாறும் பயன்படுத்திய கணக்கை ‘ஸ்டாண்டர்டு யூசர்’ என மாற்றுங்கள். உங்கள் படங்களும் கடிதங்களும் இருந்த இடத்திலேயே இருக்கும்; ஒன்றும் அழியாது.

5. குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சாதாரணக் கணக்கை உருவாக்குங்கள்.

6. இறுதியாக, ‘சைன்-இன் ஆப்ஷன்ஸ்’ பகுதியில், கணினி உறக்க நிலையிலிருந்து எழும்போதெல்லாம் மீண்டும் கடவுச்சொல் கேட்குமாறு அமையுங்கள். இடையில் எழுந்து செல்ல நேர்ந்தால், விண்டோஸ் சின்னமுள்ள விசையையும் ‘எல்’ எழுத்து விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும்.

ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளிலும் நிர்வாகி கணக்கு, சாதாரணக் கணக்கு என்னும் இதே பிரிவு உண்டு. லினக்ஸ் வகையைச் சார்ந்த உபுண்டு, 2004-இல் வந்த தன் முதற் பதிப்பிலிருந்தே ‘ரூட்’ என்னும் பேரதிகாரக் கணக்கைப் பூட்டியே வைத்துள்ளது. தேவைப்படும்போது மட்டும் கடவுச்சொல்லைக் கேட்டு அதிகாரம் அளிக்கிறது.

கடைக்காரர் அமைத்த கணக்கு

கணினியை வாங்கும்போது கடையிலிருந்து வரும் இளைஞரே எல்லாவற்றையும் அமைத்துத் தந்துவிடுவது நம் ஊர்களில் வழக்கம். விண்டோஸ் 11-இன் ஹோம் பதிப்பு, முதன்முறை அமைக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கொன்றைக் கேட்கும். வேலையை விரைந்து முடிக்க எண்ணி அவர் தம் மின்னஞ்சலையோ, அவ்வேளைக்கென உருவாக்கிய ஒரு மின்னஞ்சலையோ தந்துவிடலாம். உரியவருக்கு அது தெரியவும் தெரியாது.

இதனால் விளையும் இடர் சிறிதன்று. புதிய கணினிகள் பலவற்றில் வட்டிலுள்ள தகவல்கள் யாவும் மறைகுறியாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுகின்றன. கணினியில் ஏதேனும் கோளாறு நேர்ந்தால், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியை அது கேட்கக்கூடும். அச்சாவி, கணினியை முதலில் அமைத்த மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே பொதுவாகச் சேமிக்கப்படுகிறது. அக்கணக்கு யாருடையதோ என்றால், திருமணப் படங்களும், பிள்ளைகளின் சான்றிதழ்ப் பிரதிகளும், கணக்கு வழக்குகளும் கண்ணெதிரே இருந்தும் கைக்கெட்டாதவை ஆகிவிடும். எத்துணைத் தேர்ந்த பழுது நீக்குபவராலும் அவற்றை மீட்க இயலாது. ஆகவே கணினி எவருடைய மின்னஞ்சலில் அமைந்துள்ளது என்பதை இன்றே பாருங்கள். நம்முடையதன்று எனில், உடனே நம்முடையதற்கு மாற்றி, மீட்புச் சாவியைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

கடவுச்சொல் எத்தகையதாக இருக்க வேண்டும்?

பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு, ஒன்று முதல் ஆறு வரையுள்ள எண்கள் ஆகியவை ஊரறிந்த இரகசியங்கள், அவற்றைத் தவிர்க்க. மாதந்தோறும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்றும், விந்தையான குறிகளால் அதை நிரப்ப வேண்டும் என்றும் முன்னர்க் கூறிவந்தனர். அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இக்கருத்தை மாற்றிக்கொண்டது. நீளமே வலிமை, காரணமின்றிக் காலந்தோறும் மாற்றச் செய்வதால் மக்கள் எளிய சொற்களையே நாடுகின்றனர் என்பது இன்றைய தெளிவு. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து அமைத்தால் நினைவில் வைப்பதும் எளிது. பிறர் ஊகிப்பதும் அரிது.

நான்கு அல்லது ஆறு இலக்கப் பின் எண்ணைக் கண்டு சிலர் ஐயுறுகின்றனர். அந்த எண் அந்த ஒரு கணினியில் மட்டுமே செல்லும். தவறாகப் பலமுறை இட்டால் கணினி தடுத்துவிடும். ஆதலின் சாதாரணக் கணக்கில் நுழைய அது போதுமானதே. ஆயினும் வீட்டார் அனைவருக்கும் ஒரே எண் என்றால், தனித்தனிக் கணக்கு வைத்ததன் பயனே இல்லாமற் போகும்.

இதனால் ஆகாதவையும் உண்டு

சாதாரணக் கணக்கு சர்வரோக நிவாரணியன்று. அக்கணக்கில் இருந்துகொண்டு தீய நிரலைத் திறந்தால், கணினி முழுவதும் கெடாவிட்டாலும், அக்கணக்கிற்குரிய கோப்புகள் கெடலாம். பூட்டப்பட்டுப் பணயப் பணம் கேட்கப்படலாம். எனவே முக்கியமான கோப்புகளின் பிரதியை வெளி வட்டொன்றில் எடுத்து, எடுத்தபின் கணினியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும்.

மேம்பாடுகளை அவ்வப்போது ஏற்பதும் இன்றியமையாதது. 2017-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் பரவத் தொடங்கிய வான்னாகிரை என்னும் பணயத் தாக்குதல், 150 நாடுகளுக்கும் மேற்பட்டவற்றில் கணினிகளை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அதனை ஏற்காத கணினிகளே பெரிதும் இடருற்றன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது என்பதையும் அதனைப் பயன்படுத்துவோர் கருத்திற் கொள்க.

குடும்பத்தில் சாவி யாரிடம்?

இனி, தலைப்பில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். நிர்வாகியின் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருத்தலும் ஆகாது. எல்லாரிடமும் இருத்தலும் ஆகாது. வீட்டின் கணக்கு வழக்கு அனைத்தையும் கணவர் ஒருவரே கணினியில் வைத்திருந்து, அவர் திடீரெனப் படுத்த படுக்கையானால் மனைவியின் நிலை என்ன? காப்பீட்டுத் தாளும் கடன் விவரமும் அதனுள்ளேயே இருக்கும். துயரத்தின் நடுவே கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டு அவர் அமர்ந்திருக்க நேரும். ஆகவே கணவன் மனைவி இருவரும் அதனை அறிந்திருக்க வேண்டும். அறியும் நிலையில் ஒருவரே உள்ள வீட்டில், நம்பிக்கைக்குரிய மூத்த மகனோ மகளோ அறிந்திருக்கலாம். கடவுச்சொல்லையும் மீட்புச் சாவியையும் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரங்களோடு வைப்பது நலம். கணினியின் ஓரத்தில் துண்டுத்தாளில் ஒட்டிவைப்பது மட்டும் வேண்டாம்.

பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்கைத் தரும்போது, “உன்மீது நம்பிக்கை இல்லை” என்று அவர்கள் எண்ணாதவாறு காரணத்தை எடுத்துரையுங்கள். அப்பாவும் அம்மாவுமே நாள்தோறும் சாதாரணக் கணக்கில்தான் வேலை செய்கின்றனர் என்பதை அவர்கள் கண்டால், வேறு விளக்கம் தேவையிராது. தமக்கென ஓர் இடமும், பிறர் படிக்காத கடிதங்களும் இருப்பது வளரும் பிள்ளைக்கும் ஒரு மதிப்பு; முதிய பாட்டிக்கும் ஒரு மதிப்பு.

கடையிலோ, பள்ளியிலோ, பங்கு அலுவலகத்திலோ கணினியைப் பலர் பகிர்ந்துகொள்வோரும் இதே முறையைப் பின்பற்றலாம். ஆளுக்கொரு கணக்கு இருந்தால், ஒருவர் பணியிலிருந்து விலகும்போது அவருடைய கணக்கை மட்டும் நிறுத்தினால் போதும். எஞ்சியோர் எவரும் புதிய கடவுச்சொல்லைத் தேடவேண்டியதில்லை. பிழையொன்று நேர்ந்தால், குற்றமற்றவர்மீது ஐயம் விழுவதும் தவிர்க்கப்படும்.

அதிகாரம் நம்மிடம் இருப்பது வேறு. அதை எந்நேரமும் கையில் ஏந்தித் திரிவது வேறு. அறிவிற் சிறந்த கணினி வல்லுநரும் தம் மேசையில் அமர்ந்தவுடன் சாதாரணக் கணக்கில் நுழைவதைத் தாழ்வாகக் கருதுவதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மாலையில், குடும்பத்தார் அனைவரும் கூடியிருக்கும் வேளையில், மேலே கூறிய ஆறு படிகளையும் பிள்ளைகளையே படிக்கச் சொல்லி ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். முடிந்ததும் உறையை ஒட்டி, அதன்மீது நாளையும் குறித்துப் பீரோவில் வைத்துவிடுங்கள்.